அக்கா வீட்டில் யார்?

"பொழுது சாஞ்சா ஒங்க அக்கா வீட்டுல யாரோ ஆம்பளகிட்டப் பேசுற சத்தம் கேக்குதுங்க" என்று ஆவூர்க்காரர் ஒருவர் சொன்னதும், சவரிநாதன் விராலிமலையில் தன் கடையைச் சாத்திவிட்டு ஆவூருக்கு பஸ் ஏறினான். புருஷனை இழந்து தனியாக இருப்பவள், அறுபது வயதில் இந்த அசிங்கம் வேறா? இரண்டு வருஷமாக அவளை எட்டிப் பார்க்காதவனுக்குக் குடும்ப மானம் என்றதும் ரோஷம் மட்டும் பொத்துக்கொண்டு வந்தது.

அவன் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அக்கா வியாகுலமேரியின் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கையும் களவுமாகப் பிடிக்க, கதவில் காதை வைத்தான்.

"கொல்லக் கதவ நல்லாச் சாத்துனியாடா?" அக்கா தெருவுக்கே கேட்கும்படி பேசினாள். "அருவாள தலமாட்டுல வச்சுக்க. போன வாரம் மேலத்தெருவுல பூந்த திருடன் இங்கிட்டு வந்தா விட்டுறாத. என்னடா சவரிநாதா, கேக்குதா?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தான். உள்ளே அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

மெதுவாகத்தான் கதவைத் தட்டினான். அவள் குரல் நடுங்கியது.

"யாரது? உள்ள எந்தம்பி இருக்கான், சொல்லிப்புட்டேன்!"

வெளியே நின்றவனுக்குத் தன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.