பிடுங்கச் சொன்ன குரல்

“இதைக் கேளு. உன் குரல்தானே?”

அக்கா போனை அடுப்பு மேடைமேல் வைத்து ஒலியைக் கூட்டினாள். தங்கை சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

‘வணக்கம். நாளை மாலை மழைக்கு வாய்ப்பு இருக்கிறது. வெங்காயத்தை உடனே பிடுங்கிவிடுங்கள்.’

“என் குரல்தான். அதுக்கென்ன இப்போ?”

“மழைன்னு சொல்றப்ப கணீர்னு இருக்க. பிடுங்கச் சொல்றப்ப மூக்கடைச்சிருக்கு. ரெண்டு வரிக்கு நடுவுல உனக்குச் சளி பிடிச்சுடுச்சா?”

தங்கைக்குப் புரையேறியது. சிரிப்பில்தான்.

அவளுக்கு வானிலைச் செய்தி நிறுவனத்தில் வேலை. சுற்றுவட்டாரத்தில் வெங்காயம் போட்டவர்கள் எல்லோருடைய போனிலும் காலையில் அவள்தான் பேசுவாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். ஆனால் தினமும் அவள் பேசுவதில்லை. மழை வரும், மழை வராது, தண்ணீர் கட்டுங்கள், மருந்து அடிக்காதீர்கள், பிடுங்குங்கள், பொறுங்கள் என்று எல்லாவற்றையும் துண்டு துண்டாக முன்னமே பேசிக் கொடுத்திருந்தாள். வேண்டிய துண்டுகளைக் கோத்து அனுப்பிவிடுவார்கள்.

“பிடுங்கறது எனக்கு ஜலதோஷமா இருந்தப்ப பேசினது. அவ்வளவுதான்.”

“அப்போ இன்னிக்குக் காலையில பிடுங்கச் சொன்னது நீ இல்ல.”

“நான் இன்னிக்குப் பல் தேய்க்கத்தான் வாயைத் திறந்தேன்.”

“கோக்கறது யாரு?”

“ஆபீஸ்ல.”

“ஆபீஸ்ல யாரு?”

“போலீஸ்ல சேர வேண்டியவக்கா நீ.”

அக்கா சிரிக்கவில்லை. அவள் வயலில் வெங்காயத் தாள் இன்னும் விறைப்பாக நின்றது. தாள் தானாகச் சாய்ந்தால்தான் காய் முற்றியது என்று அர்த்தம். பச்சைத் தாளோடு பிடுங்கினால் சேமித்து வைக்க முடியாது, கழுத்திலேயே அழுகும். பிடுங்கிய கையோடு மண்டிக்குப் போக வேண்டும், மண்டிக்காரர் சொல்வதுதான் விலை. விட்டுவைத்து, அடைமழை பிடித்துக்கொண்டாலோ மொத்தமும் மண்ணிலேயே போகும். இந்தப் போகமும் கைக்கு வராவிட்டால் குத்தகையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக நிலத்துக்காரர் சொல்லியாயிற்று. காலைச் செய்தியை நம்பி, மறுநாள் பிடுங்க ஆள் சொல்லியிருந்தாள்.

“எழுந்திரு, உன் ஆபீஸுக்குப் போகலாம்.”

“சாப்பிட விடுக்கா.”

“வந்து சாப்பிடு. வெங்காயம் மாதிரி அழுகிப் போகாது.”

ஆபீஸ் என்பது மண்டிக்கு மேலே ஒரே ஒரு அறை. படியேறும்போதே கீழேயிருந்து சாக்கு நெடி கூட வந்தது. மேலாளர் மேசை விசிறியைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்து உட்கார்ந்திருந்தார்.

“இந்த இடத்துக்கு வாடகை யார் கட்டறாங்க?” அக்கா உட்காரும் முன்பே கேட்டாள்.

“மண்டிக்காரர் இடம்தான். ஏம்மா?”

“செய்தி அனுப்பற செலவு?”

“அதுவும் அவர்தான். முதல்ல உங்ககிட்டதானேம்மா சந்தா கேட்டோம்? தெருவுக்கு ஒருத்தர் கட்டினாரு. மத்த எல்லாரும் அவர் வீட்டு வாசல்ல நின்னு ஸ்பீக்கர்ல கேட்டீங்க. அப்புறம் நாங்க என்ன பண்றது? ஊருக்கெல்லாம் இலவசமா வேணும்னா யாராவது ஒருத்தர் கட்டணுமில்ல?”

அந்த வாசலில் அக்காவும் நின்றவள்தான்.

“சரி. மழைன்னு சொல்றது யாரு?”

“நாங்க. அதுல யாரும் கை வைக்க முடியாது.”

“பிடுங்குன்னு சொல்றது?”

மேலாளர் விசிறியைப் பார்த்தார். “அந்த வரி மட்டும் மண்டியிலிருந்து வரும். பணம் கட்டறவரு ஒரு வரி சொல்லக்கூடாதா? அவருக்கு லாரி வருது, சரக்கு நிரம்பணும்.”

“எல்லாரும் ஒரே நாள்ல கொண்டுவந்து கொட்டினா விலை என்ன ஆகும்?”

“மழையில அழுகினா விலையே கிடையாதேம்மா.”

“எவ்வளவு மழை? அதைச் சொல்லுங்க.”

“தூறல் மாதிரி. வரலாம், வராமலும் போகலாம். அதான் வாய்ப்புன்னு போட்டோம். இதுல பொய்யா ஒரு வார்த்தை இருக்கா, நீங்களே சொல்லுங்க.”

இல்லைதான்.

தங்கை முதல்முறையாகப் பேசினாள். “சார், ‘இது மண்டிக்காரர் கருத்து’ன்னு ஒரு துண்டு பேசித் தர்றேன். நடுவுல சேர்த்துடுங்க.”

“ஒப்பந்தத்துல அதுக்கு இடமில்லம்மா.”

“அப்போ நாளைக்கு என் குரலைப் போடாதீங்க.”

“உன் குரல் இப்போ நிறுவனத்தோடதும்மா. கோபத்துல வேலையை விட்டுடாத. நீ விட்டாலும் அது பேசிக்கிட்டுதான் இருக்கும்.” அவர் மிரட்டவில்லை, ஒரு விவரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

கீழே இறங்கியதும் தங்கை வீட்டுப் பக்கம் திரும்பாமல் தெருவுக்குள் நடந்தாள். முதல் வீடு வக்கீலுடையது. கோர்ட் வாசலையே மிதிக்காதவர், எதற்கும் எதிர்வாதம் பண்ணுவதால் வந்த பெயர். அக்கா நிலத்துக்கு அடுத்த வரப்புக்காரர். வாசலிலேயே சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பிடுங்காதீங்க. மழை தூறல்தானாம். பிடுங்கச் சொன்னது நான் இல்ல, மண்டிக்காரர்.”

“காலையில உன் வாயால பிடுங்குன்ன. சாயங்காலம் அதே வாயால பிடுங்காதேங்கற. இதுல எந்த ரேடியோ நிஜம்?”

“இதுதாண்ணே. நேர்ல வந்து நிக்கறேனே!”

“நிக்கற. கூடவே உங்க அக்காவும் நிக்கறாங்க.” அவர் கண் அக்கா பக்கம் போனது. “நாங்க எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா, நாளைக்கு மண்டியில ஒரே சரக்கு யாரோடது? உங்க அக்காவோடது. நல்ல விலை. நல்ல ஏற்பாடும்மா!”

“அட, நான் ஏன்...” அக்கா ஆரம்பித்தாள்.

“பிடுங்க ஆள் சொல்லியிருக்கீங்களா, இல்லையா?”

சொல்லியிருந்தாள். அதற்கப்புறம் எந்த வீட்டிலும் கதவு முழுதாகத் திறக்கவில்லை.

மறுநாள் விடியலில் போன் அடித்தது. ‘வெங்காயத்தை உடனே பிடுங்கிவிடுங்கள்’ என்றது தங்கையின் குரல். தங்கை எதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

“நீ சொல்லு. பிடுங்கவா?”

“எனக்குத் தெரியாதுக்கா. என் நிலமா இருந்தா விடுவேன்.”

“அழுகிப் போச்சுன்னா?”

“திட்டு. இந்தத் தடவை என்னைத்தான் திட்டணும், மண்டிக்காரரை இல்ல.”

அக்கா வெளியே போய், ஆட்களுக்கு வந்ததற்கான கூலியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். பிறகு இருவரும் வயலுக்குப் போனார்கள். வானம் ஈயப் பாத்திரம்போல மங்கிக் கிடந்தது.

வரப்பில் வக்கீல் ஏற்கெனவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன இங்க?” என்றாள் அக்கா.

“சும்மா. காத்து வாங்க.”

“உங்க வயல்ல காத்து இல்லையா?”

“ஆள் எங்க?”

“அனுப்பிட்டேன்.”

“பின்பக்க வழியா வருவாங்களோ?”

“உக்காந்து பாருங்க.”

உட்கார்ந்தார். சாப்பிடக்கூடப் போகவில்லை. அவர் எழாததைப் பார்த்து, தெருவில் வெங்காயம் போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து வரப்பில் உட்கார்ந்தார்கள். தங்களைப் பிடுங்காதே என்றுவிட்டு அக்கா மட்டும் பிடுங்கிவிடுவாளோ என்று எல்லோரும் அவள் கையையே காவல் காத்தார்கள். அவர்களுடைய வயல்களில் பிடுங்க வந்தவர்கள், மேற்பார்வை பார்க்க முதலாளி இல்லாமல் மர நிழலில் படுத்துவிட்டார்கள். உச்சிவேளையில் மண்டி லாரி ரோட்டில் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஒருவரும் எழவில்லை.

“அதுல ஏத்த யாரும் சரக்கு கொண்டுவரலயா?” என்றார் வக்கீல், நம்பாமல்.

“எல்லாரும் இங்கதானே இருக்கீங்க!” என்றாள் தங்கை.

அவர் பதில் சொல்வதற்குள் வெங்காயத் தாள்மேல் சடசடவென்று சத்தம் கேட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வக்கீல் உள்ளங்கையை நீட்டி, விழுந்த துளிகளை உற்றுப் பார்த்தார்.

“ரேடியோ, இது தூறல்தானே?”

“நீங்களே சொல்லுங்கண்ணே.”

அக்கா குனிந்து, தாளின் அடியில் மண்ணை விரலால் கீறி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரப்பிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து, அவரவர் வயலில் அதையே செய்யப் போனார்கள்.