இரண்டு டின்னுக்கும் பொட்டு

கியர் கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியைக் கிளப்பச் சாவி கிடையாது, பொத்தானும் கிடையாது. ஓட்டுபவர் உட்கார்ந்து இரண்டாம் கியரைப் போட்டு, கிளட்சை அழுத்திப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் குனிந்து பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் எஞ்சின் அலறும். அடுத்த நொடி வண்டி போயிருக்கும். தள்ளியவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். பதினோரு ஆண்டுகள் அந்த இன்னொருவர் நான்.

என் கணவர் தனேஷ் ஆகஸ்டில் டிங்கிக் காய்ச்சலில் இறந்தார். படுத்த ஐந்தாம் நாள். அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டோடு வீட்டுக்குள் நடந்தேன். வேலை முடிந்ததும் மைவி காரை எடுத்துக்கொண்டு புக்கிட் பெலிம்பிங் வரை போய், எதுவும் வாங்காமல் திரும்பினேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கால்கள் தாமாக எழுந்துகொள்ளும். அது தள்ளும் நேரம்.

ஆயுத பூசை வந்தது. துக்க வீட்டில் பூசை இல்லை. ஆனாலும் சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். நாத்தனார் புஷ்பா பின்னாலேயே வந்தாள்.

“அண்ணி, இந்த வருசம் நமக்குப் பண்டிகையே இல்ல லா. நீங்க குங்குமத்த வேற தொடுறீங்க.”

“தொட்டா என்ன, பிஸ்டன் ஜாம் ஆயிருமா?”

கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தேன். கார்ட்டின் மூக்கு, தலைக்கவசம், விலாக் கவசம், ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி, கடைசியாகச் சுவரோரம் இருந்த இரண்டு பெட்ரோல் டின்கள். கை நிற்கவில்லை. புஷ்பா எப்போது போனாள் என்றுகூடத் தெரியாது.

அதன்பின் மூன்றாம் ஞாயிறு சைஃபுதீன் வந்தான். புஞ்சாக் ஆலாமில் தன் அப்பாவின் சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்கொள்பவன். பந்தயங்களில் தனேஷுக்குப் பின்னால் வந்தே பழகியவன். கார்ட்டை விலைக்குக் கேட்டிருந்தான். ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டான். ஓடாமல் கொடுக்க எனக்கும் மனமில்லை. மூடிப்போன செம்பனை ஆலையின் லோரித் தளத்துக்கு அவன் வேனில் கொண்டுபோனோம். தனேஷ் பயிற்சி செய்ததும் அங்கேதான்.

சைஃபுதீன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். கார்ட்டில் ஸ்பிரிங் எதுவும் இல்லை. தரையின் ஒவ்வொரு கல்லும் ஓட்டுபவரின் முதுகுக்கு வரும். இருக்கைப் பட்டியும் இல்லை. உடம்பைப் பிடித்துவைப்பது இருக்கைதான். அதனால் அதை ஆளின் அளவுக்கே பொருத்துவார்கள். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஒரு நெம்புகோல்: இழுத்தால் அடுத்த கியர், தள்ளினால் முந்தைய கியர். மொத்தம் ஆறு. எஞ்சின் நூற்றிருபத்தைந்து சிசி, பந்தய மோட்டார் சைக்கிளுக்கு உள்ளதுபோல. தூக்கிச் சுமப்பதோ ஒரு ஆளையும் நாலு சக்கரத்தையும் மட்டும்.

சைஃபுதீன் ஒல்லி. தனேஷின் இருக்கையில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் இடம் கிடந்தது.

“அண்ணன் என்னக்கா, ரெண்டு பேருக்கு சீட்டு செஞ்சாரா?” என்று சொல்லிவிட்டுச் சட்டென வாயை மூடிக்கொண்டான்.

“கடச் சோத்த நீயும் சாப்பிடு தம்பி. வர்றவங்களுக்கே போட்டா எப்படி?” என்றேன். அவன் சிரித்தான். இரண்டு பக்கமும் பஞ்சுத் துண்டைச் செருகினான்.

“பெட்ரோல் நான் கலந்து கொண்டாந்திருக்கேன்.”

“வேணாம். அவர் கலந்தது இருக்கு. அது ஓடி முடியட்டும். அப்புறம் வண்டி உன்னோடது.”

டின்களை மைவியிலிருந்து இறக்கி வைத்தபோதுதான் பார்த்தேன். என் கால் முதன்முறையாக நின்றது.

இந்த எஞ்சினுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்த எண்ணெய்தான் பிஸ்டனை வழுக்கவைப்பது. முதல் வருடம் தனேஷ் அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றி, மூன்றாம் சுற்றில் எஞ்சின் இறுகிப்போனது. அன்றிலிருந்து கலந்த டின்னுக்கு என் குங்குமத்தில் ஒரு பொட்டு வைப்பார். ஆயுத பூசையன்று மற்ற எல்லாவற்றுக்கும் வைப்பவர், வெறும் பெட்ரோல் டின்னுக்கு மட்டும் வைக்க மாட்டார். இப்போது இரண்டிலும் பொட்டு. சந்தனத்தைக் கனமாக அப்பி அதன் மேல் வைத்திருந்தேன். அடியில் பழைய பொட்டு எதில் இருந்தது என்று தெரியவில்லை.

“எதுல எண்ணெ இருக்குக்கா?”

“தெரியல.”

“தெரியலன்னா?” அவன் எழுந்தேவிட்டான். “அக்கா, தப்பான டின்ன ஊத்துனா அஞ்சு நிமிசத்துல இறுகிரும். அண்ணன் கையால கட்டுன எஞ்சின். எங்கிட்ட புதுசு இருக்கு, பேசாம அத ஊத்துவோம் லா.”

இரண்டிலிருந்தும் தனித்தனிப் போத்தலில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தோம். ஒரே மஞ்சள். முகர்ந்தேன், இரண்டும் அவர் சட்டை மாதிரியே இருந்தது. அவன் சொல்வது சரி. அவர் கலந்ததை மண்ணில் கொட்டிவிட்டுப் போகலாம். எஞ்சினாவது மிஞ்சும். ஆனால் என்னால் முடியவில்லை.

அவருடைய கையுறைகளைத் துவைத்தவள் நான். எத்தனை முறை அலசினாலும் போகாத ஒரு வழவழப்பு அவற்றில் இருக்கும். அது நினைவுக்கு வந்ததும் ஒரு டின்னிலிருந்து இடது உள்ளங்கையிலும், மற்றதிலிருந்து வலது உள்ளங்கையிலும் ஊற்றிக்கொண்டேன்.

“அக்கா, என்னா பண்றீங்க!”

“காயட்டும்.”

கைகளை விரித்துக்கொண்டு தளத்தைச் சுற்றி நடந்தேன். அவனும் கூடவே வந்தான். லோரி எடை போடும் மேடை வரை போய்த் திரும்பினோம். வலது கை வெளுத்து, சுண்ணாம்பு தொட்டதுபோல் வறண்டிருந்தது. இடது கை வெயிலில் மின்னியது. விரல்களைத் தேய்த்தேன். வழுக்கியது.

அவனும் என் உள்ளங்கையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“எண்ணெதான்,” என்றான் மெதுவாக.

இடது டின்னில் ஒரு லிட்டர்கூட இல்லை. ஊற்றினோம். அவன் கியரைப் போட்டுக் கை காட்டினான். நான் குனிந்து தள்ளினேன். இடது கை வழுக்கியது. முழங்கையைக் கொடுத்து ஓடினேன். ஐந்தடி, பத்தடி. கிளட்சை விட்டான். எஞ்சின் இருமியது, அடங்கியது, பிறகு அலறியது. வண்டி என் கையை விட்டுப் போனது.

இரண்டு, மூன்று, நான்கு. கியர் ஏறுவதைக் காதால் எண்ணினேன். மூன்றாம் சுற்று வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். ஓடியது. நான்காம் சுற்றும் ஓடியது. ஏழாம் சுற்றில் எடை மேடைக்கு அந்தப் பக்கம் சத்தம் தேய்ந்து நின்றது. இறுகிய சத்தம் இல்லை, தீர்ந்த சத்தம்.

அதற்குள் நான் பாதி தூரம் ஓடியிருந்தேன். சைஃபுதீன் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

“முடிஞ்சிருச்சுக்கா.”

“சரி. உன்னோடத ஊத்து.”

“இப்பவா?”

“தள்றதுக்கு வேற ஆளு இருக்கா இங்க?”

இன்னும் இரண்டு முறை தள்ளிவிட்டேன். பிறகு அவன் கார்ட்டை வேனில் ஏற்றிக் கட்டினான். இருக்கையைக் கழற்றி என்னிடம் நீட்டினான். “எனக்குப் பெருசுக்கா,” என்றான். வாங்கி மைவியின் பின் சீட்டில் வைத்தேன்.

வலது டின்னில் இருந்த வெறும் பெட்ரோலை மைவியில் ஊற்றினேன். வீட்டுக்குத் திரும்பும் சந்திப்பு வந்தது. திரும்பவில்லை. வடக்கே சபாக் ஊர் வரை போய் வர அது போதும்.