விமானம் தனி, வாத்தியார் தனி

தம்பியின் உயிருக்கு மணிக்கு நாலாயிரம் வாடகை. பெட்ரோல் அதில் அடக்கம், வாத்தியார் தனி.

ஏழு மாதமாக அக்கா இந்த விலையைக் கட்டிவருகிறாள். திரைச்சீலைக் கடை நடத்துகிறவள். எதிராளி விலையைச் சொல்லி முடிப்பதற்குள் பாதியாக்கிப் பழகிய வாய் அவளுக்கு. அந்த வாயை, தம்பி விமானம் ஓட்டப் பழகும் இந்தப் பள்ளியில் மட்டும் அவள் திறந்ததில்லை. வானத்தில் போகிற சமாச்சாரம். நாம் விலையைக் குறைத்தால் அவர்கள் எதைக் குறைப்பார்களோ என்ற பயம்.

அன்றைக்குக் கடையில் கூட்டமில்லை. தம்பி பரீட்சைப் புத்தகத்தை நீட்டி, "கேள்வி கேளுக்கா" என்றான். துணியை அளந்தபடியே ஒரு கேள்வியைப் படித்தாள்.

"வாடகை விமானத்துக்கு, பறக்கிற ஒவ்வொரு நூறு மணி நேரத்துக்கும் ஒரு ஆய்வு கட்டாயமா?"

கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். "காசு வாங்கிட்டு ஆள் ஏத்தினா கட்டாயம். காசு வாங்கிட்டுக் கத்துக்குடுக்கிறவரே விமானத்தையும் தந்தா கட்டாயம். வெறும் வாடகைன்னா தேவையில்லை, வருஷத்துக்கு ஒரு ஆய்வு போதும்."

"இதுல நாம எந்த ரகம்?"

"வெறும் வாடகை."

"ஏன்டா, பக்கத்துல வாத்தியார் உட்கார்ந்திருக்காரே?"

"அவர் தனிக்கா. விமானத்துக்கு ஒரு ரசீது, அவருக்கு ஒரு ரசீது. சட்டப்படி நான் விமானத்தை வாடகைக்கு எடுத்துட்டு, வெளியாள் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறேன்."

"வெளியாளா? அவர் முதலாளியோட மாப்பிள்ளைடா!"

"அது உறவு. சட்டத்துல உறவெல்லாம் இல்லை."

"கடைசியா எப்ப ஆய்வு பண்ணினாங்க?"

"பதினோரு மாசம் இருக்கும்."

"அதுக்கப்புறம் எவ்வளவு பறந்திருக்கு?"

"நானூறு மணி தாண்டியிருக்கும். என் பதில் சரியா, தப்பா? அதைச் சொல்லு."

"சரிதான். எத்தனை மார்க்?"

"ஒண்ணு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். உயிரை விட்டுவிட்டு ஒரு மார்க்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வம்சத்தில் ஒரே ஆண்பிள்ளை.

மறுநாள் காலை அவள் செருப்பை மாட்டும்போதே தம்பி வாசலை மறித்தான். "அக்கா, அடுத்த வாரம் நான் ஓட்டுற விமானத்துலதான் எனக்கு டெஸ்ட். இப்பப் போய் ஆய்வுன்னு அதைப் பிரிக்கச் சொன்னா எல்லாம் போச்சு. தேர்வாளர் திரும்பி வர மூணு மாசம் ஆகும்."

"நீ திரும்பி வர எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டு வர்றேன். தள்ளு."

பள்ளி என்றால் ஒரு தகரக் கொட்டகை, மூன்று குட்டி விமானங்கள், மூலையில் ஓர் அலுவலக அறை. முதலாளியை எல்லாரும் கேப்டன் என்பார்கள். கண்பார்வை மங்கி, அவர் விமானம் ஏறிப் பல வருஷம் ஆகிறது. பட்டம் மட்டும் இறங்கவில்லை. மேசையில் இரண்டு ரசீதுப் புத்தகம், வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று. எதிரே மாப்பிள்ளை பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"நாங்க சட்டத்துக்கு உள்ளேதான் இருக்கோம் மேடம்" என்றார் கேப்டன்.

"நீங்க சட்டத்துக்கு உள்ளே இருக்கீங்க. என் தம்பி விமானத்துக்கு உள்ளே இருக்கான்."

"வாடகைக் கார் எடுக்கிற மாதிரிதான் இதுவும்."

"கார் நின்னுபோனா இறங்கித் தள்ளலாம் கேப்டன். சரி, வாடகைன்னே வச்சுக்குவோம். நாளைக்கு வேற வாத்தியாரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"வெளி வாத்தியாருக்கு இங்கே அனுமதி இல்லை."

"எடுக்கிறது நான், கூட உட்காரப்போறது யாருன்னு முடிவு பண்றது நீங்க. அப்புறம் எப்படி அவர் எங்க ஆளு ஆனார்?"

மாப்பிள்ளையின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது. கேப்டன் சிரித்தார். "சட்டத்தை நானா எழுதினேன்?"

அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. அளவில் அரை முழம் குறைத்துவிட்டு, வாங்குகிறவன் முகத்தைப் பார்த்தே சிரிக்கிற கடைக்காரர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களிடம் நியாயம் பேசி ஒரு பைசா பெயராது. வியாபாரம்தான் பேச வேண்டும். ரௌத்திரத்தை மென்று விழுங்கிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"அதை விடுங்க. டெஸ்ட் முடிஞ்சாலும் அவன் இன்னும் இருபது மணி நேரம் பறக்க வேண்டியிருக்கு. மொத்தப் பணத்தையும் இப்பவே தர்றேன். விலையைப் பார்த்துச் சொல்லுங்க."

கேப்டனின் முதுகு நிமிர்ந்தது. "விமானம் நாலாயிரம், மாப்பிள்ளைக்கு ஆயிரம்..."

"என்ன கேப்டன், கறிகாய்க் கடை மாதிரி கூறு போடுறீங்க! ரெண்டும் சேர்த்து ஒரே விலை சொல்லுங்க."

"நாலாயிரத்து எண்ணூறு."

"கிளம்பறேன்."

"உட்காருங்கம்மா! நாலாயிரத்து அறுநூறு."

"நாலாயிரத்து இருநூறு. பணம் பையிலேயே இருக்கு."

"எனக்குக் கட்டுப்படியாகாது. கடைசி விலை, நாலாயிரத்து நானூறு. ஒரு பைசா குறையாது."

"எழுதுங்க. 'விமானமும் பயிற்சியும் சேர்த்து'ன்னு எழுதுங்க. நாளைக்கு வந்து வாத்தியாருக்குத் தனியாக் கொடுன்னு கேட்கக்கூடாது."

மொத்தமாகப் பணம் வருகிற குஷியில் கேப்டன் எழுதினார். அவள் பணத்தை எண்ணி வைத்ததும் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். பேரம் படிந்த சந்தோஷத்தில் கை தன் தொழிலைப் பார்த்தது. புத்தி பின்னாலேயே வந்து சேரவில்லை.

அவள் மை காயும்வரை ஊதினாள். பிறகு உரக்கப் படித்தாள். "விமானமும் பயிற்சியும் சேர்த்து. ஆக, கத்துக்குடுக்கிறதும் நீங்க, விமானம் தர்றதும் நீங்க. நூறு மணி ஆய்வு எங்கே கேப்டன்?"

கேப்டன் ரசீதுக்குக் கையை நீட்டினார்.

"இப்படிக் கொடுங்க மேடம், மாத்தி எழுதித் தர்றேன்."

"எதுக்கு? தப்பா ஒண்ணும் எழுதலையே." ரசீது கைப்பைக்குள் போனது. "விமான ஆய்வு அலுவலகம் என் கடைக்குப் போற வழியிலதான் இருக்கு. அங்கே காட்டட்டுமா, இல்லை மெக்கானிக்கைக் கூப்பிடுறீங்களா?"

"மிரட்டுறீங்களா?"

மாப்பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தார். "மாமா, தினம் அதுல ஏறுறது நான்."

கேப்டன் ஃபோனை எடுத்தார்.

விமானத்தைப் பிரித்தார்கள். டெஸ்ட் போனது. தம்பி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மெக்கானிக் வாலுக்குள் கையை விட்டுப் பழைய கம்பி ஒன்றை உருவி எடுத்துக் காட்டிய நாள்வரைதான் அந்தக் கோபம். விமானத்தின் மூக்கைத் தூக்கி இறக்குகிற கம்பி அது. உருளையில் உரசும் இடத்தில் பிரி பிரியாக விட்டுப்போய், நாலைந்து இழைகளில் தொங்கியது. தம்பி அதை விரலால் தொட்டான். "இதையாக்கா இழுத்துக்கிட்டு இருந்தேன்?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கம்பியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அவள் ஆய்வு அலுவலகத்துக்குப் போனாள். மற்ற இரண்டு விமானங்களையும் பிரிக்கச் சொல்லுங்கள் என்றாள். அதிகாரி கம்பியை நன்றாகவே பார்த்தார், உச்சுக்கொட்டவும் செய்தார். "உங்க விமானத்துக்கு ரசீது ஒண்ணு, அதனால விதி உண்டு. அந்த ரெண்டுக்கும் தனித்தனி ரசீதும்மா. வெறும் வாடகை."

"கம்பிக்குத் தெரியுமா சார், மேலே ரசீது ஒண்ணா ரெண்டான்னு?"

அதிகாரி பேனாவை மூடினார்.

திரும்பும்போது கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கேப்டனின் அறை வாசலில் புதுப்பலகை தொங்கியது: 'விமானத்துக்கும் பயிற்சிக்கும் தனித்தனிக் கட்டணம். சேர்த்து விலை கேட்க வேண்டாம்.' ஓடுபாதையில் யார் வீட்டுப் பெண்ணோ ஒருத்தி, வேலியோரம் நின்ற தன் அப்பாவுக்குக் கையசைத்துவிட்டு இரண்டாவது விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தாள்.

அக்கா கம்பிப் பொட்டலத்தோடு அந்த அப்பா நின்ற வேலியை நோக்கி வேகமாக நடந்தாள். நடக்கும்போதே மனசு கணக்குப் போட்டது. வரவு: ஒரு தம்பி. செலவு: ஒரு டெஸ்ட். பாக்கி: இரண்டு விமானம், அதில் ஏறுகிற அத்தனை பிள்ளைகளும்.