உள்மடிப்பில் ஒரு மஞ்சள் புள்ளி

புறஊதா விளக்கைச் சட்டையின் கீழ்மடிப்புக்கு மேலே கொண்டுபோனபோது, உட்பக்கத்தில் விரல்நுனி அளவு ஓர் இடம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது. மேனுஷா விளக்கை அணைத்தாள். மறுபடி போட்டாள். புள்ளி அங்கேயே இருந்தது.

"மஸ்டர்ட் சோஸ்," என்றார் பின்னால் நின்ற கிரகாம். "மைதானத்தில் ஹாட் டாக் தின்ற கறை. இதைவிட நல்ல பிறப்புச் சான்றிதழ் வேண்டுமா உனக்கு?"

விளையாட்டு நினைவுப் பொருட்களை ஏலம் விடும் அந்த நிறுவனத்தில், ஒரு பொருள் உண்மையில் ஆட்டத்தில் பயன்பட்டதுதானா என்று தீர்மானிப்பது அவர்கள் இருவரின் வேலை. மேசையில் கிடந்தது ஓர் அமெரிக்க பேஸ்பால் வீரர் தொண்ணூறுகளில் அணிந்ததாகச் சொல்லப்பட்ட சாம்பல் நிறச் சட்டை. வீரர் இறந்துவிட்டார். விற்பவர் யாரென்பதைச் சோதிப்பவர்களுக்குச் சொல்வதில்லை. ஓர் எண் மட்டுந்தான். வீரர் தரையில் சறுக்கி விழும் பழைய படத்தைப் பெரிதாக்கி, இடது முழங்கைக் கிழிசலையும் நெஞ்சில் செம்மண் இழுபட்ட கோட்டையும் மூன்றாவது பொத்தானின் சாய்வையும் மேனுஷா ஒவ்வொன்றாக ஒப்பிட்டிருந்தாள். எல்லாம் பொருந்தின. கிரகாம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவளுடையது பாக்கி.

அமெரிக்க மஸ்டர்டுக்கு நிறம் கொடுப்பதே மஞ்சள் தூள்தான் என்பது அவளுக்குத் தெரியும். விளக்கு வித்தியாசம் காட்டாது. ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும் மஞ்சள் என்றுதான் பதில் வரும். அப்படியானால் கிரகாம் சொன்னதே சரியாக இருக்கலாம் என்ற ஆறுதல் கொஞ்ச நேரமே நின்றது. ஆடும்போது காற்சட்டைக்குள் செருகியிருக்கும் மடிப்பு அது. அதன் உட்பக்கத்தில் சோஸ் எப்படிச் சிந்தும்? சிந்திய கறை வழியும், தெறிக்கும். இது வட்டமாக, அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. பிறந்ததிலிருந்து அவள் உடுத்திய ஒவ்வொரு புது உடுப்பிலும் அதே இடத்தில் யாராவது மஞ்சள் வைத்திருக்கிறார்கள்.

முப்பது வருடம் பழசான சட்டை, அண்மையில் ஒரு தமிழ் வீட்டுக்குள் புதுச் சட்டையாக நுழைந்திருக்கிறது.

லண்டனில் அப்படி ஆயிரக்கணக்கான வீடுகள் உண்டு என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் ரெய்னர்ஸ் லேனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் சுபாஸ்கரன் அவள் கணவனின் தமையன். கணவன் சுஜீத்துக்கும் அங்கேதான் வேலை. யாருடைய வேலையைப் பற்றியும் விசாரிக்காத சுபாஸ்கரன், மாரிகாலத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், படத்தோடு சட்டையை எப்படி ஒப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தான். ஒருவர் கேட்டாரே என்ற சந்தோஷத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாளைக்கு முடித்துத் தருகிறேன்," என்றாள் கிரகாமிடம்.

ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தாள். தெருவில் திரும்பியதும் வீட்டு வாசலில் சுபாஸ்கரனின் கடை வான் நிற்பது தெரிந்தது. ஒரு கணம், அப்படியே நடந்து தெருவைக் கடந்துவிடலாமா என்று தோன்றியது.

அவன் முன்னறையில் தேத்தண்ணியோடு இருந்தான். தொலைபேசியில் யாருடனோ சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் நேரே குசினிக்குப் போனாள். மாமியார் நாகேஸ்வரி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, வருசப் பிறப்புக்கு ஆர் ஆற்ற உடுப்புக்கு மஞ்சள் வைச்சனீங்கள்?"

"எல்லாருக்குந்தான். ஏன் பிள்ளை, உன்ர சீலையில ஊறிப்போச்சே?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

"அதை ஏன் கேக்கிறாய்! பெரியவன்ர வானில புதுச் சட்டை ஒண்டு பையோட கிடந்தது. சாம்பல் நிறம், நெஞ்சில என்னவோ இங்கிலீசில எழுதி. தனக்கு வாங்கினவனாக்கும் எண்டு அதையும் தட்டில வைச்சுப் பூசிப்போட்டன். குதிச்சான் பாரன்! நல்லநாள் பெருநாளில பெத்த தாயை இப்பிடியே பேசுறது? பிறகு தானே சிங்குக்குள்ள போட்டு உரஞ்சினவன். மஞ்சள் போகுமே?"

"அம்மா." சுபாஸ்கரன் வாசற்படியில் நின்றான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. "சாமியறையில விளக்குப் புகையுது. ஒருக்காப் பாருங்கோ."

அவர் கத்தியை வைத்துவிட்டுப் போனார். அவன் கோப்பையைக் கழுவத் தொடங்கினான். அந்த வீட்டில் அவன் கோப்பை கழுவி அவள் பார்த்ததில்லை.

"எங்கட நீதவானம்மாவுக்குத் தீர்ப்புச் சொல்லுற வேலை எப்பிடிப் போகுது?"

"போகுது அத்தான்."

"சாம்பல் சட்டை ஒண்டு வந்திருக்குமே."

"வேலையைப் பற்றி நான் வெளியில சொல்ல ஏலாது."

"சொல்ல வேண்டாம் பிள்ளை. நானும் அதைத்தானே கேக்கிறன். ஆருக்கும் ஒண்டும் சொல்லாதையும்."

"நான் சைன் பண்ணாட்டி?"

"ஏனெண்டு கேப்பினம். உமக்கு எப்பிடித் தெரியுமெண்டு கேப்பினம். பிறகு, ஏலத்துக்குக் குடுத்தது ஆரெண்டு பாப்பினம்." கோப்பையைக் கவிழ்த்து வைத்துக் கையைத் துடைத்தான். "நான் குடுக்கேல்லை. சுஜீத்தின்ர பேரிலதான் குடுத்தது. பாஸ்போட்டும் அவன்ர, கையெழுத்தும் அவன்ர."

"அவருக்குத் தெரியுமோ?"

"நீர்தானே உண்மை பொய் கண்டுபிடிக்கிற ஆள்," என்று சிரித்தான்.

வாசற்கதவுப் பூட்டில் திறப்பு சுழலும் சத்தம் கேட்டது. சுஜீத் மழையில் நனைந்து உள்ளே வந்தான். "அண்ணை, இன்னும் போகேல்லையே? சாப்பிட்டிட்டுப் போங்கோவன்," என்றான். சுபாஸ்கரன் அவனிடம் போய், ஈர ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கி, உள்ளே மடிந்து கிடந்த சட்டைக் கொலரைப் பொறுமையாக வெளியே இழுத்து நேராக்கினான். சுஜீத் கைகளைச் சற்று அகட்டி, அளவு கொடுக்கிறவனைப் போல அசையாமல் நின்றான். தமையனின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்துச் சிரித்தான். கன்னத்தில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. மேனுஷா கண் இமைக்காமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.