ஷெட்டுக்குள் கிடந்த கல்வெட்டு

பக்கத்து வீட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்று இருந்துவிடுகிற ஆள் நான் இல்லை. வெள்ளைக்காரர் ஊரான இந்த நோர்பரியில் எங்கள் வீட்டையும் கனகாம்பிகை வீட்டையும் பிரிப்பது ஒரே ஒரு சுவர். அதுவும் மெல்லிய சுவர். தொண்ணூற்றிரண்டு பங்குனியில் ஒரு காலை அதற்கப்பால் அழுகைச் சத்தம். சீனி கேட்கிற சாட்டில் போனேன்.

கொழும்பு லொட்ஜில் தனியே கிடக்கும் தாயை விசா எடுத்து இங்கே கூப்பிட அவள் போட்ட விண்ணப்பத்துக்கு மறுப்பு வந்திருந்தது. இவர் உங்கள் தாய் என்பதற்கு அத்தாட்சி போதாதாம். கனகாம்பிகையின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயர் பாலாம்பிகை. தாயின் பாஸ்போட்டிலோ தவநாயகி.

"உங்கட அம்மாவுக்கு ரெண்டு பேரோ?"

"தவநாயகிதான் சொந்தப் பேர், வத்சலாக்கா. அப்பான்ர தமக்கைக்கும் அதே பேர். அக்கான்ர பேரைச் சொல்லி மனிசியைக் கூப்பிட ஏலாதெண்டு அப்பா பாலாம்பிகை எண்டு மாத்திப்போட்டார். என்ர பிறப்பைப் பதியப் போனவர் அதையே குடுத்திட்டார்."

தமக்கைக்கு அந்த மனுசன் காட்டிய மரியாதை, கடைசியில் பெண்சாதியின் விசாவில் வந்து முடிந்திருக்கிறது.

அப்பீலுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. இரண்டு பெயரும் ஒருவருக்கே என்று காட்டப் பழைய பதிவு ஏதாவது வேண்டும் என்றார் சொலிசிட்டர் கிறிஸ்துநாயகம். ஆல்பங்களை விறாந்தையில் பரப்பினோம். உதவி செய்கிற வேளையில் நாலு விஷயம் கேட்டால் என்ன குற்றம்? "இந்த நெட்டைப் பெட்டை ஆர்? கட்டிட்டாளோ?" என்றேன். கனகாம்பிகை காதில் விழுத்தவில்லை. எல்லாப் படத்திலும் தாயின் முகம் இருந்தது, பெயர்தான் எங்குமில்லை.

"அப்பான்ர கல்வெட்டிலை எல்லாம் இருக்கும். அதைத்தான் காணேல்லை," என்று மூக்கைத் துடைத்தாள்.

கல்வெட்டு என்றால், ஊரில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகம். வம்சாவளி பாட்டும் வசனமுமாக இருக்கும். நடுப்பக்கத்தில், சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நிற்கும் படம்.

அவளுடைய மனுசன் குலசேகரம் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் ஏதோ செய்துவிட்டார் என்று அர்த்தம். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே நான் படித்துக்கொண்ட பாடம்.

"அது... ஷெட்டுக்குள்ள கிடக்கு."

"என்ன?"

"செத்தவீட்டுப் படத்தை ஆரும் வீட்டுக்குள்ள வைப்பினமோ? குடிபுகேக்க நான்தான் அங்கால வைச்சனான்."

"எட்டு வருசமா என்ர அப்பாவைப் புல்லு வெட்டுற மெஷினோட வைச்சிருந்தனீங்களோ!"

மூவரும் பின்வளவுக்கு ஓடினோம். பெயின்ற் வாளிகளுக்கு அடியில், கடைப்பை ஒன்றில் சுற்றிக் கிடந்தது. ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கத்தி முனையால் நான் ஒவ்வொன்றாகப் பிரிக்க, கனகாம்பிகை வாசித்துக்கொண்டே வந்தாள். ஆறாம் பக்கத்தில் இருந்தது: 'தமக்கையார் நாமமும் தவநாயகி ஆதலினால், தம் துணைவி தவநாயகியைப் பாலாம்பிகை என்றழைத்து இல்லறம் நடாத்தினார்.'

அதை மொழிபெயர்த்தவர் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அம்பலவாணன் மாஸ்ரர். மனிதர் அகராதியை விட்டு அசையாதவர். கல்வெட்டு என்ற சொல்லுக்குக் கல்லில் பொறித்த சாசனம் என்றே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அது அப்பீல் அன்றுதான் தெரிந்தது. துணைக்கென்று நானும் போயிருந்தேன்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அந்தக் கல் இப்போது எங்கே?"

கனகாம்பிகை சொலிசிட்டரைத் திரும்பிப் பார்த்தாள். கிறிஸ்துநாயகம் எழும்பி, "கல் இல்லை ஐயா, புத்தகம்," என்று பூஞ்சணம் மணக்க அதை நீட்டினார். நீதிபதி நடுப்பக்கத்தில் நெடுநேரம் நின்றார்.

"இதில் உங்கள் தாய் யார்?"

பெட்டியின் தலைமாட்டில் நின்றவளைக் கனகாம்பிகை தொட்டுக் காட்டினாள். அவர் தாயின் பாஸ்போட் பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பெட்டிக்குள் இருப்பவர்?"

"என்ர அப்பா," என்றாள் தமிழிலேயே. அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. அப்பீல் வென்றாயிற்று. அவள் கொழும்புக்குப் போன் எடுக்க, நான் படிக்கட்டில் அவளோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, ரிசீவரில் காதை வைத்துக்கொண்டேன்.

"அம்மா, எல்லாம் சரிவந்திட்டுது. வெளிக்கிட ஆயத்தப்படுத்துங்கோ."

கொழும்பில் கொஞ்சநேரம் மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு, "மருமேனுக்கு என்ன பிள்ளை கொண்டுவர?"

"அவருக்கு ஒண்டும் வேண்டாம். நீங்கள் வந்தாக் காணும்."

"மாமி, நான் பக்கத்து வீடு," என்று நான் இடையில் புகுந்தேன். "எனக்குக் கூழ் காய்ச்ச ஒரு கிலோ ஒடியல் மா."

கனகாம்பிகை சிரித்தாள், கண்ணீர் ரிசீவரில் வழிய வழிய.