உடல்நலக் குறைவால்

சலவை ஆலை மேற்பார்வையாளனின் சட்டைக் காலரைப் பிடித்த கையை அக்கா விடவில்லை. பிணவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவர் எழுந்து தள்ளி நின்றார்கள்.

"திரும்பச் சொல்லு. அவளுக்கு என்ன இருந்துச்சு?"

"முதல்லேருந்தே மூச்சுத் திணறல் இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், அக்கா."

"என்னை அக்கான்னு கூப்பிடாதே. அப்படிக் கூப்பிட்டவ உள்ள கிடக்கா."

காவலாளி வந்து விலக்கிவிட்டார். மேற்பார்வையாளன் சட்டையை நீவிக்கொண்டே படியிறங்கிப் போனான். தையல் கடையிலிருந்து ஓடி வந்த அக்காவின் கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கைக்குச் சலவை ஆலையில் வேலை. நகரத்து ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கிற குரல் என்பதால் அங்கே அவளுக்கு 'விசில்' என்று பெயர். வெளுப்பு மருந்து கலக்கும் அறையில் புகையை வெளியே தள்ளும் விசிறி நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். இன்று காலை நெஞ்சை அடைக்கிறது என்றவளிடம், இந்த லோடு முடியட்டும் என்றிருக்கிறான் மேற்பார்வையாளன். முடிவதற்குள் விழுந்துவிட்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் ஆலைக்குள் நடந்தது என்றாகிவிடும். அழுக்கு விரிப்பு ஏற்றும் வண்டியில் போட்டுப் பின்வாசல் வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கூட வேலை பார்த்த பெண்தான் போனில் சொன்னாள்: "மூட்டை மேல படுக்க வச்சாங்கக்கா. அப்பக்கூட கண்ணு திறந்துதான் இருந்துச்சு."

உடலை மறுநாள்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பாட்டு வாத்தியார் வந்தார். தங்கை பாடிய சேர்ந்திசைக் குழுவை நடத்துகிறவர். அன்று மாலைதான் அவர்கள் பல மாதங்களாகத் தயாரித்த நிகழ்ச்சி. இன்றைய அநீதிகளைப் பற்றிய புதிய பாடல்கள். மேடைக்கான கறுப்புக் கோட்டோடு வந்து நின்றார்.

"நிகழ்ச்சியை நிறுத்த முடியலம்மா. மொத்தத்தையும் அவளுக்கே சமர்ப்பணம் பண்றோம்."

"எப்படிச் செத்தான்னு சொல்லுவீங்களா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்றேன். நீங்களும் வரணும்."

மண்டப வாசலிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. 'நிகழ்ச்சி ஆதரவு' என்று சலவை ஆலையின் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். முதலாளி முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். கால்கள் உள்ளே நடந்தன.

முதல் பாட்டு சுரங்கத்தில் புதையுண்டவர்களைப் பற்றியது. வார்த்தையே இல்லை, கறுப்புச் சட்டை போட்ட குழுவினர் மேடையைக் காலால் உதைத்து உதைத்துப் பாடினார்கள். இரண்டாவது, வீடு இடிக்கப்பட்டவர்களைப் பற்றி. பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து சிலர் திடீரென்று எழுந்து தங்கள் கதவு எண்களைக் கத்தினார்கள். அவர்களும் குழுவினர்தான் என்று தெரிந்ததும் மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது.

கடைசிப் பாட்டு, வெளியிலிருந்து பூட்டிய ஆலைக்குள் வெந்துபோன பெண்களைப் பற்றியது. மூச்சுச் சத்தம் மட்டும்தான். இழுப்பதும் விடுவதும், போகப் போகக் குறுகிக்கொண்டே வரும். அக்காவுக்கு அது தெரியும். விசில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அதைப் பழகுவாள். "இதெல்லாம் ஒரு பாட்டாடி? இழுப்புக்காரி மாதிரி" என்று அக்கா கேலி செய்வாள். விசில் சிரிப்பாள், இருமுவாள். கடைசி நாட்களில் பாத்திரம் கழுவாதபோதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டுதான் என்றே அக்கா நினைத்திருந்தாள்.

பாட்டுக்கு முன் வாத்தியார் மைக்கிடம் வந்தார். முதல் வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்கள் அன்புச் சகோதரி ஒருவர் திடீர் உடல்நலக் குறைவால் இன்று நம்மைவிட்டுப் பிரிந்தார். அவருக்கு இந்தப் பாடல்."

அக்கா எழுந்துவிட்டாள்.

"பொய்."

தலைகள் திரும்பின.

"அவ உடம்புல ஒரு குறையும் இல்ல. வேலைக்கு நடந்துதான் போனா. விசிறி ஓடல, மருந்துப் புகை ஏறிடுச்சு. நெஞ்சடைக்குதுன்னா, லோடு முடியட்டும்னாங்க. விழுந்தவளை அழுக்குத்துணி மூட்டை மேல போட்டுப் பின்வாசல் வழியா அனுப்பினாங்க. அனுப்பின கம்பெனிக்காரர்தான் இங்க முன்னாடி உக்காந்திருக்கார்."

பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். அது பரவியது. "பிரமாதம்," என்றாள் பக்கத்து இருக்கைப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு. முன்வரிசையில், மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்து முதலாளியும் தட்டிக்கொண்டிருந்தார்.

எதையாவது எடுத்து வீசலாம் என்றால் அக்காவின் கையில் ஒன்றும் இல்லை.

மேடையின் கடைசி வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. பகலில் தபால் கொடுக்கிறவர். "கைதட்டாதீங்க. இது நிகழ்ச்சியில இல்ல. அவங்க அவளோட அக்கா."

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. முதலாளியின் கைகள் மட்டும் சேர்ந்தபடியே மடியில் இறங்கின.

வாத்தியார் அவசரமாகக் குழுவின் பக்கம் திரும்பிக் கைகளை உயர்த்தினார். பாட்டு மூச்சை இழுப்பதில் தொடங்க வேண்டும். ஒருவரும் இழுக்கவில்லை. அவர் மறுபடி சைகை காட்டினார். தபால்காரர் படியிறங்கி வந்தார். அவருக்குப் பின் இன்னும் பலர். சிலர் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றார்கள். வாத்தியார் யாரையும் தடுக்கவில்லை, கைகளை இறக்கவும் மறந்துபோயிருந்தார்.

வெளியே இன்னும் இருட்டவில்லை. "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம்மா," என்றார் தபால்காரர். "நாளைக்கு உடம்பை வாங்குறதுக்குள்ள புகாரை எழுதிக் கொடுத்துடணும்."

"பார்த்தவங்க யாராவது வந்து சொல்லணும்பாங்க," என்றாள் அக்கா.

போனில் சொன்ன ஆலைப் பெண்ணுக்கு அவளே போன் செய்தாள். அந்தப் பக்கம் குழந்தை ஒன்று எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கக்கா."

"தூக்கிடுவாங்க," என்றாள் அக்கா.

"எந்த ஸ்டேஷன்?"

பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். உட்கார்ந்திருந்த ஒருவர் கறுப்புச் சட்டைகளைப் பார்த்து, "ஏதாவது விழாவா?" என்று கேட்டார். அக்காவைச் சுற்றி நெருக்கியடித்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திருப்பத்தில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியபோது அத்தனை பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தார்கள்.