இன்னும் கொஞ்சம் வளரட்டும்

முத்துத்தாய் உள்ளே வரும்போதே சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்று நட்டுவிட்டு வாய்க்காலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கைதான். ஆனாலும் ஆலயத்தின் பக்கத்து அறையில், அந்த மேஜைக்கு முன்னால் வந்து நின்றால் அவளுக்குக் கை தானாகத் துடைக்கத் தொடங்கிவிடும். மேஜைக்கு அந்தப் பக்கம் போதகர் கிருபாகரன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கத்தில் சபை மூப்பரும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியருமான மாசிலாமணி, சோழவந்தான் வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கியபடி. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வாசலோரம் முக்காலியில் தங்கம் இருந்தாள். மிஷன் சம்பளத்தில், வேதாகமப் பையும் கறுப்புக் குடையுமாக ஊர் ஊராய் நடந்து பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியம்மா அவள். புருஷனும் உபதேசியாராக இருந்து காலமானவர். முத்துத்தாயைச் சேரியிலிருந்து ஞானஸ்நானத்துக்குக் கூட்டிவந்தது தங்கம்தான். ஆனால் பரவைக்கு அப்பால் திண்டுக்கல் ரோட்டோரம் இருந்த அந்தச் சின்ன சபையில் ஞானஸ்நானம் மட்டும் போதாது. கர்த்தருடைய இராப்போஜனப் பந்தியில் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்க வேண்டுமானால், போதகரும் மூப்பரும் கேள்வி கேட்டு, ஆள் விசுவாசத்தில் வளர்ந்திருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். சபையார் வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுப்போல் தேறிவிடுவார்கள். மாசிலாமணியின் மகள் பத்துக் கட்டளையில் பாதியை இடம் மாற்றிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறே பந்தியில் இருந்தாள்.

முத்துத்தாய்க்கு மட்டும் வருஷா வருஷம் ஏதோ ஒன்று குறைந்தது. முதலில் பரமண்டல ஜெபத்தில் தடுமாறினாள். சரி, அது நியாயம். நடவிலும் களையெடுப்பிலும் முணுமுணுத்து முணுமுணுத்து அதைப் பாடம் செய்தாள். அடுத்த தடவை விசுவாசப்பிரமாணம் கேட்டார்கள். அதையும் படித்துக்கொண்டு வந்தாள். அப்போது, வெற்றிலை போடுகிற வாய் கர்த்தரின் பந்திக்குத் தகாது என்றார் மாசிலாமணி. சிவந்த தம் வாயால்தான் சொன்னார். முத்துத்தாய் வெற்றிலையை விட்டாள். தலைவலியில் நாள்கணக்காகச் சுருண்டு கிடந்து, விட்டாள். போன வருஷம் அவள் புருஷன் சின்னக்கருப்பன் மாரியம்மன் பொங்கலுக்குக் கொட்டடித்தது குற்றமாயிற்று. இந்த வருஷம் அவனை அவள் எப்படியோ வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். பொங்கல் சமயத்தில் அவன் வில்லாபுரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். அதனால் ஊர்க்காரர்கள் அவனுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். அதை அவள் இந்த அறையில் சொல்லவில்லை.

போதகர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விசுவாசத்தில் வளர்ந்திருக்கிறாய் என்பதற்கு என்ன அடையாளம் என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வி வரும் என்று தங்கம் சொல்லிவைத்திருக்கவில்லை. முத்துத்தாய் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"முந்தியெல்லாம் என் நாத்துக்கட்டுல எவளாச்சும் கை வச்சா மண்ண வாரித் தூத்துவேன் சாமி. இப்பவும் கோவம் வருது. வரலைன்னு சொன்னா அது பொய். ஆனா தூத்துறதில்ல. வாய்க்கா வரைக்கும் போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்திருவேன். கோவம் மொத்தமாப் போன பெறகு வான்னு சொன்னீகன்னா, என்னயத் தூக்கிட்டுத்தான் வரணும்."

போதகரின் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் யாரும் இவ்வளவு உண்மையாகப் பதில் சொன்னதில்லை என்று தங்கத்துக்கு நெஞ்சு நிறைந்தது. இனி தடையில்லை என்றே நினைத்தாள். போதகர் திரும்பி மூப்பரைப் பார்த்தார். மாசிலாமணி வெற்றிலையை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றினார்.

"கோவம் இன்னும் இருக்குன்னு அவளே சொல்றாளே," என்றார் தணிவாக. "இன்னும் கொஞ்சம் வளரட்டும்."

முத்துத்தாய் கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை. எதையோ கவனமாகத் தேடுகிற பார்வை மட்டும் இருந்தது. தங்கம் மூப்பரைப் படியில் பிடித்தாள். அவரிடம் நிமிர்ந்து பேசுவது அவளுக்குப் புதிது. இன்னும் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், சொன்னால் அதையும் கற்பித்துவிடுகிறேன் என்று கேட்டாள். உண்மையில் அவள் நம்பித்தான் கேட்டாள். எங்கோ ஒரு பாடம் பாக்கி இருக்கிறது, அதை முடித்துவிட்டால் கதவு திறந்துவிடும் என்று.

மாசிலாமணிக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது. சுவரோரமாய்ப் போய்த் துப்பிவிட்டு வந்தார். இந்த ஆலயத்தின் கல் ஒவ்வொன்றும் தன் தாத்தா வண்டிகட்டிக் கொண்டுவந்தது என்பதில் தொடங்கி, தனக்கொன்றும் வித்தியாசம் இல்லை, வீட்டுப் பெண்களின் மனசுதான் ஒப்பாது என்று சுற்றிவளைத்துப் பேசினார். தங்கம் விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

"நீ வெவரமான பொம்பள. நான் வாயத் தெறந்து சொல்லணுமா?" என்றார். "பாத்திரம் ஒண்ணுதானே தங்கம் இருக்கு."

ஒரு நிமிஷம் அவளுக்கு அந்தப் பாத்திரம்தான் கண்முன் வந்தது. வெள்ளி முலாம் பூசிய கிண்ணம். முழங்காலிட்டிருப்பவர்களின் உதட்டுக்கு உதடு போதகர் கொண்டுபோவார். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு விளிம்பை வெள்ளைத் துணியால் ஒற்றுவார். அந்த விளிம்பில் முத்துத்தாயின் வாய் படக் கூடாது. அவ்வளவுதான். பரமண்டல ஜெபம், விசுவாசப்பிரமாணம், வெற்றிலை, கொட்டு, கோபம், எல்லாம் இந்த விளிம்புக்குச் சுற்றிய துணிதான்.

போதகரிடம் போனாள். அவர் நல்லவர். நல்லவர் என்பதனாலேயே கூசிப்போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சபை இரண்டாய் உடைந்துபோகும் என்றார். மிஷனை நடத்துகிற துரைசாணியம்மா கோடைக்குப் போன கொடைக்கானலிலிருந்து இறங்கியதும் பேசிப்பார்க்கலாம் என்றார். இத்தனை காலம் பொறுத்தவள் இன்னும் பொறுக்க மாட்டாளா என்றார். தங்கம் நகராமல் நிற்பதைக் கண்டதும், அவள் குடியிருக்கிற வீடு மிஷன் வீடு என்பதையும் மெல்ல ஞாபகப்படுத்தினார்.

"கீழ்ப்படியறதுலயும் வளரணும் தங்கம்," என்று முடித்தார்.

கீழ்ப்படிதலைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். போர்டிங் பள்ளியில் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் தின்று, மணியடித்தால் ஜெபித்து வளர்ந்தவள். கீழ்ப்படிவது மூச்சு விடுவதுபோல. யாருக்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மேலே இருப்பவர்கள் சொல்வதும் ஆண்டவர் சொல்வதும் ஒரே குரலாகவே அவள் காதில் விழுந்துகொண்டிருந்தன. இன்றைக்கு, வேலியைத் தாண்டி வெயிலில் இறங்கியபோது, அந்தக் குரல் இரண்டாகப் பிரிந்தது. குடையை விரிக்க மறந்து நடந்தாள். இவர்கள் ஒரு பொய்யைச் சொன்னார்கள் என்பதைவிட, அந்தப் பொய்யை வருஷா வருஷம் பையில் வைத்துச் சேரிக்குச் சுமந்துபோனவள் தான்தான் என்பதே அவளைச் சுட்டது. 'இன்னும் கொஞ்சம் வளரணும் முத்துத்தாயி' என்று எத்தனை இனிமையாகச் சொல்லியிருக்கிறாள்.

முத்துத்தாய் வாய்க்கால் கரையில் காத்திருந்தாள்.

"எனக்கே எதுவும் தட்டுப்பட மாட்டேங்குது உபதேசியம்மா," என்றாள். "நீங்கதான் சொல்லணும். நான் இன்னும் எம்புட்டு வளரணும்?"

பொறுமையாயிரு என்று சொல்லத்தான் தங்கம் வாயைத் திறந்தாள். பழகின வாய். ஆனால் வந்தது வேறு. நீ வளராமல் இல்லை, அவர்கள் உன்னோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டார்களாம் என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் அழுதுவிடுவாளோ, மண்ணை வாரித் தூற்றுவாளோ என்று பயந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

முத்துத்தாய் அப்படியே கரையில் உட்கார்ந்தாள். பிறகு, தங்கம் வாழ்நாளில் மறக்க முடியாதபடி, சிரித்தாள்.

"இம்புட்டுத்தானா? இது எங்க பாட்டன் காலத்துலருந்து தெரிஞ்ச சங்கதிதானம்மா. டீக்கடையில தனிக் கொட்டாங்குச்சி, இங்கயும் தனி. நான் என்னமோ அந்த ஆண்டவருக்குத்தான் என்னயப் புடிக்கலையோன்னுல்ல இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செத்துப்போன என் சின்ன மகள ஒருநா பசிக்கு அழுதான்னு அடிச்சேன். அதத்தான் அவரு இன்னும் மன்னிக்கலன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். அதச் சொல்லிச் சொல்லியே ஜெபம் பண்ணுவேன். அப்ப அதெல்லாம் இல்ல. அவருக்கு என்மேல ஒண்ணும் இல்ல."

அவள் நிம்மதியாகச் சிரிக்கச் சிரிக்கத் தங்கத்துக்குள் ஏதோ பற்றிக்கொண்டு எரிந்தது. ஒரு கிண்ணத்தின் விளிம்புக்காக இவளை ஆண்டவரின் முன்னாலேயே குற்றவாளியாக்கி வைத்திருந்தார்களே. பசித்த குழந்தையை அடித்த ஒரு அடியை வருஷக்கணக்காகத் தோண்டித் தோண்டி அழ வைத்தார்களே. சாதி பார்த்தோம் என்று நேராகச் சொல்லியிருந்தால்கூடப் போகிறது. ஆண்டவரின் பேரில் அல்லவா சொன்னார்கள்.

அந்த ஆனி மாசக் கடைசியில்தான் மதுரைப் பெரிய கோயிலுக்குள் சேரி ஜனங்கள் முதல்முறையாகப் போனார்கள். ஊரெங்கும் அதே பேச்சு. ஆடி பிறந்து வந்த இராப்போஜன ஞாயிறன்று போதகரின் பிரசங்கமும் அதுவாகத்தான் இருந்தது. விக்கிரக ஆராதனைக்காரருக்கே இன்றைக்குத்தான் கண் திறந்திருக்கிறது, நாமோ ஆதிமுதல் எல்லோரையும் சேர்த்துக்கொண்டவர்கள் என்றார். மாசிலாமணி எழுந்து உருக்கமாக ஸ்தோத்திர ஜெபம் செய்தார். பிறகு வழக்கப்படி, பந்தியில் சேராதவர்கள் வெளியே போகலாம் என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் குதித்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே, நரைத்த தலையோடு முத்துத்தாயும் எழுந்து வெளியே போனாள்.

வரிசை வரிசையாக முன்னால் போய்த் தேங்காய்நார்ப் பாயில் முழங்காலிட்டார்கள். பெண்கள் வரிசையில் தங்கம் கடைசி. போதகர் அவள் உள்ளங்கையில் அப்பத் துண்டை வைத்தார். அவள் அதை வாயில் போடவில்லை. கையை மூடிக்கொண்டு எழுந்தாள். பெஞ்சுகளின் நடுவே, யாருக்கு என்ன நடக்கிறதென்று புரிவதற்குள், வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போய்விட்டாள்.

புளியமரத்தடியில் முத்துத்தாய் ஏதோ ஒரு வீட்டுக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தங்கம் கையை விரித்து, துண்டை இரண்டாகப் பிட்கப்போனாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "இந்தா, பாதி உனக்கு," என்றாள்.

முத்துத்தாய் அதை வெகுநேரம் பார்த்தாள். ஆசையாகத்தான் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"பிட்காதீக. அது உங்க பங்கு."

"நான் மனசோடதான் தர்றேன் முத்துத்தாயி."

"தெரியும்மா. ஆனா மரத்துக்கு மறைவுல நின்னு வாங்கித் தின்னா, அது திருடித் தின்ன மாதிரி ஆயிரும். என் பங்கு உள்ளாற இருக்குல்ல. ஆண்டவருக்கு என்மேல கோவம் ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சே, அவருகிட்டயே போயி வாங்கிக்கிறேன்."

குழந்தையைப் பக்கத்தில் நின்ற பெண்பிள்ளையிடம் கொடுத்தாள். தலைப்பை இழுத்துச் செருகினாள். படியேறினாள். தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது தங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தன் கோபத்தை ஆற்றிக்கொள்ள இவளுக்கு ஒரு துணுக்கு கொடுக்கப் பார்த்தாள். இவளோ கோபமே இல்லாமல், இதுவரை தங்கம் எட்டிக்கூடப் பார்த்திராத இடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டாள்.

உள்ளே பாட்டு நின்றுபோயிற்று. முத்துத்தாய் யாரையும் பார்க்காமல் நடந்து, பாயில் முழங்காலிட்டு, தங்கம் என்றோ சொல்லிக்கொடுத்தபடி இடது கைமேல் வலது கையை வைத்து நீட்டினாள். தங்கம் அவள் பக்கத்தில் முழங்காலிட்டாள். உள்ளங்கை வேர்வையில் ஈரமாகிப்போன தன் அப்பத் துண்டைப் போதகரின் தட்டில் திரும்ப வைத்தாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"இவளுக்குக் குடுத்த பெறகு எனக்குக் குடுங்க ஐயா."

பின்னால் ஒரு பெஞ்சு தரையில் உராய்ந்தது. மாசிலாமணி எழுந்துவிட்டார் என்று திரும்பாமலே தெரிந்தது. தொடர்ந்து இன்னொரு பெஞ்சு. யாரோ செருப்பைத் தேடுகிற சத்தம். போதகர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்திருந்தார். அவருடைய நெற்றியில் வேர்வை அரும்பி, கண்ணாடிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. அவர் விரல்களுக்கும் சேற்றில் ஊறி நகம் கறுத்த அந்த உள்ளங்கைக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. ஜன்னல் வழியே விழுந்த வெயிலில், அப்பத்திலிருந்து உதிர்ந்த மாவுத் தூசி ஒன்று, கீழே இறங்காமல், சுழன்றுகொண்டே நின்றது.